வெறும் வயிற்றின் வேலை: ஒருசந்தியும் செரிமான மண்டலமும்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒருசந்தி இருப்பது காங்கயம், தாராபுரம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் விட்டுப்போகாத வழக்கம். விடிந்ததிலிருந்து தண்ணீர் தவிர எதையும் தொடாமல் இருந்து, உச்சிப்பொழுதில் பெருமாளுக்குப் படைத்துவிட்டு, ஒரே ஒரு வேளை இலைபோட்டு உண்டு, அதன்பின் மறுநாள் காலைவரை வயிற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். ஏன் இப்படிப் பட்டினி கிடக்க வேண்டும் என்று சிறுவயதில் கேட்டபோது, எங்கள் அப்பத்தா பெருமாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "வவுத்துக்கும் ஒரு நாள் லீவு உடோணும் கண்ணு" என்றுதான் சொன்னார்.

குறுகிய கால உண்ணாநோன்பைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் பெரும்பாலோர் சொல்வதும் ஏறக்குறைய இதையேதான். இடைவிடாமல் உழைக்கும் செரிமான உறுப்புகளுக்கு ஓய்வு கிடைக்கிறது, அதனால் நன்மை விளைகிறது என்பது அவர்களது வாதம். நன்மை விளைகிறது என்பதில் பெருமளவு உண்மை இருக்கிறது. ஓய்வு என்பதுதான் சரியான விளக்கமில்லை. வயிறு காலியானதும் அதன் வேலை நின்றுவிடுவதில்லை, வேலையின் வகை மாறுகிறது. உணவு உள்ளே இருக்கும்வரை செய்யவே முடியாத ஒரு வேலையைக் குடல் அப்போதுதான் தொடங்குகிறது. 12 மணி முதல் 24 மணி நேரம் வரையிலான நோன்பு செரிமான மண்டலத்துக்கு என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை விளங்கிக்கொள்ள இந்த இரண்டாவது வேலையிலிருந்து தொடங்குவதே வசதி.

முதலில் உணவு உள்ளே இருக்கும் நிலை. நன்கு வளர்ந்த ஒருவரின் வாயில் நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. இரைப்பை ஏறக்குறைய 2 லிட்டர் நீரைச் சுரக்கிறது. கணையநீர், பித்தநீர், குடல்நீர் ஆகியவற்றையும் சேர்த்தால் நாளுக்கு 7 லிட்டர் அளவுக்குச் செரிமானப் பாதையில் நீர் இறங்குகிறது. அதில் மிகப்பெரும் பகுதியைக் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு மூன்று முறை என்ற கணக்கில் சுருங்கி விரிந்து, உணவைக் கூழாக அரைக்கிறது. 2 மில்லிமீட்டருக்கும் சிறிதாக அரைபட்ட துகள்கள்தான் அதன் வாயிலைக் கடந்து சிறுகுடலுக்குள் போக முடியும். தக்காளித் தோல், மிளகாய் விதை, கீரையின் நார் போன்று அரைபடாதவை பின்னுக்குத் தள்ளப்பட்டு இரைப்பையிலேயே தங்குகின்றன. எளிய உணவு இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவு நான்கு மணி நேரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும்.

உண்டது எல்லாம் இறங்கிய பிறகு, தங்கிப்போன அந்தத் தோலும் நாரும் என்னவாகின்றன? இரைப்பை அமைதியாகிறது. பிறகு ஒழுங்கில்லாத சிறு அசைவுகள் தோன்றி, மெல்ல வலுத்து, கடைசியில் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை நீடிக்கும் பலத்த சுருக்கங்களாக உருவெடுக்கின்றன. அரைக்கும் வேளையில் மூடினாற்போல் இருந்த இரைப்பையின் வாயில் இப்போது நன்றாகத் திறந்திருக்க, மிச்சமீதி அனைத்தும் சிறுகுடலுக்குள் வழித்துத் தள்ளப்படுகின்றன. சுருக்கம் அங்கேயே நின்றுவிடுவதுமில்லை. செரிக்காத துணுக்குகள், உதிர்ந்த செல்கள், தேங்கிய சுரப்புகள், தங்க இடம்பார்க்கும் பாக்டீரியாக்கள் அனைத்தையும் முன்னே தள்ளிக்கொண்டு, சிறுகுடலின் முழு நீளத்தையும் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் கடந்து அதன் கடைக்கோடி வரை போகிறது. ஒரு அலை கடைக்கோடியை நெருங்கும்போது மேலே அடுத்தது கிளம்புகிறது. மருத்துவ நூல்கள் 'மைக்ரேட்டிங் மோட்டார் காம்ப்ளெக்ஸ்' என்று குறிப்பிடும் இதை, இந்தக் கட்டுரையின் வசதிக்காகத் துப்புரவு அலை என்று அழைத்துக்கொள்வோம். பசித்த வயிறு 'கடமுட' என்று சத்தமிடுவதில் பெரும்பங்கு இந்த அலையுடையது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பதறி எதையாவது வாயில் போட்டுக்கொள்வது, பெருக்கிக்கொண்டிருப்பவர் கையிலிருந்து விளக்குமாற்றைப் பிடுங்குவதற்கு ஒப்பானது.

இது அண்மைக்காலக் கண்டுபிடிப்பும் அன்று. செரிமானத்தின் உடலியங்கியலுக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில், பட்டினியாக இருந்த நாய்களின் இரைப்பை குறிப்பிட்ட இடைவெளியில் தானாகவே இயங்குவதை அவரது மாணவர் போல்டிரெவ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்திருந்தார். 1912இல் அமெரிக்காவில் வால்டர் கேனன் என்பவருடன் பணியாற்றிய வாஷ்பர்ன், ஒரு பலூனை விழுங்கித் தன் இரைப்பையின் பசிச் சுருக்கங்களைப் பதிவுசெய்தார். ஆராய்ச்சிக்கென்று பட்டினியும் கிடந்து பலூனையும் விழுங்கியவரின் பொறுமை வியக்கத்தக்கது. அந்த அலை சிறுகுடல் முழுவதும் பயணம் செய்கிறது என்பது 1969இல் நாய்களிடம் காட்டப்பட்டது. அதைக் கிளப்பிவிடும் மோட்டிலின் என்ற ஹார்மோனை 1970களின் தொடக்கத்தில் கனடாவில் ஜான் பிரவுன் பிரித்தெடுத்தார். எரித்ரோமைசின் என்ற பழைய நுண்ணுயிர்க்கொல்லி மோட்டிலினைப் போலவே வேலை செய்கிறது என்பது பின்னர் தெரியவந்ததால், இரைப்பை சோம்பிப்போன நோயாளிகளுக்கு அதைக் குறைந்த அளவில் கொடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது.

கொங்கு நாட்டு விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டு, பவானியிலிருந்து கொடுமுடிப் பக்கம் வரை வளைந்து நெளிந்து ஓடும் காலிங்கராயன் வாய்க்காலானாலும், பவானிசாகர் அணையிலிருந்து மேட்டைச் சுற்றிவரும் கீழ்பவானி வாய்க்காலானாலும், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் தூர் வார முடியாது. தண்ணீரை நிறுத்தினால்தான் வண்டலும் கோரையும் கண்ணுக்குத் தெரியும், மண்வெட்டியும் இறங்கும். தண்ணீர் நின்ற நாட்களை வாய்க்காலுக்கு ஓய்வு என்று யாரும் சொல்வதில்லை. பராமரிப்பு வேலை மும்முரமாக நடப்பது அப்போதுதான். சிறுகுடலும் ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள கோணல்மாணலான வாய்க்கால்தான். ஒரு வித்தியாசம் உண்டு: வாய்க்காலை ஆண்டுக்கு ஒருமுறை அடைத்தால் போதும், குடலை ஒவ்வொரு வேளைக்கு இடையிலும் அடைக்க வேண்டும்.

ஏனென்றால் துப்புரவு அலை மிகவும் கூச்சமுள்ளது. சத்துள்ள உணவு எது உள்ளே வந்தாலும் அது உடனே நின்றுவிடும். ஒரு நடுத்தர உணவுக்குப் பின் அது மறுபடி தலைகாட்ட மூன்று முதல் நான்கு மணி நேரம் பிடிக்கிறது. கொழுப்பு கூடினால் இன்னும் தாமதமாகும். வெறும் தண்ணீர் அதைப் பெரிதாகக் கலைப்பதில்லை. சர்க்கரையும் பாலும் கலந்த டீ அப்படியல்ல, அது உணவுக் கணக்கில்தான் சேரும்.

இந்த இடத்தில் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுத் தெருக்களின் அன்றாடத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காலை 7 மணிக்குக் காப்பி, 8.30க்கு இட்லி, 11 மணிக்குத் தெருமுனை பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும், 1.30க்குச் சாப்பாடு; 4.30க்கு மறுபடி பேக்கரி, அல்லது முட்டைக்கோஸ்தான் மிகுதியாக இருந்தாலும் காளான் என்றே பெயர்பெற்ற தள்ளுவண்டிப் பண்டம்; இரவு 9.30க்குப் புரோட்டா. இந்த வரிசையில் காலை 7 முதல் மாலை 4.30 வரை எங்கேயும் மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளி கிடையாது. ஆகவே பகல் முழுவதும் துப்புரவு அலைக்கு இடமே இல்லை. இரவு புரோட்டாவும் சால்னாவும் இறங்கி முடிய நள்ளிரவு தாண்டி ஒன்றரை, இரண்டு மணி ஆகும். அதன்பின் காலைக் காப்பி வரை கிடைப்பது ஐந்து மணி நேரம். இரண்டு அல்லது மூன்று அலைகள் ஓடலாம். அதே ஆள் பொழுதோடே, அதாவது மாலை 6.30க்கு, அளவாக உண்டு முடித்திருந்தால் இரவு 10.30லிருந்தே அலை தொடங்கி, விடிவதற்குள் நான்கைந்து முறை ஓடியிருக்கும். அப்பத்தாவின் ஒருசந்திக்கு இந்தக் கணக்கைப் போட்டால், உச்சிப்பொழுதில் உண்டது இறங்கியது முதல் மறுநாள் விடியல் வரை ஏழெட்டு அலைகள் வருகின்றன. மனித உடல் கடிகாரம்போல் ஓடுவதில்லை என்பதால் இவை தோராயக் கணக்குகள்தான். ஆனால் எந்த இடைவெளி எவ்வளவு பெறும் என்ற ஒப்பீட்டுக்கு இவை போதும்.

இந்த அலை போதிய அளவு ஓடாவிட்டால் நேரும் கேடு என்ன என்பதும் தெரிந்ததே. பெருங்குடலில் ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி என்ற அளவில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சிறுகுடலின் மேற்பகுதியிலோ அவை மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். துப்புரவு அலை இல்லாத நோயாளிகளின் சிறுகுடலில் பாக்டீரியாக்கள் பெருகிவிடுவதை 1977ஆம் ஆண்டிலேயே பெல்ஜிய மருத்துவர்கள் காட்டினார்கள். அப்படிப் பெருகியவை உணவை நமக்கு முன்னால் புளிக்கவைக்க, வயிற்று உப்புசமும் ஏப்பமும் பேதியும் வருகின்றன. நீண்டநாள் சர்க்கரைநோயால் குடல் நரம்புகள் பழுதுபட்டவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. உடல்நலத்துடன் இருந்தும் 'கேஸ்' என்று புலம்புகிற எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும், மாத்திரைக்குப் போகுமுன் பதினொரு மணி பன்னை ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

மாலை உணவின் நேரத்துக்குத் தனி வரலாறு உண்டு. பெருந்துறைக்கு அருகே விசயமங்கலத்தில் இருக்கும் சமணக் கோயில், கொங்கு நாட்டில் சமணம் வேரூன்றியிருந்ததற்குச் சான்று. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை சமணர்களின் ஒழுக்க நெறிகளில் ஒன்று. இருட்டில் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடியக்கூடாது என்பதே அதன் நோக்கமே தவிர, உண்பவரின் இரைப்பை அன்று. சமணரல்லாத குடியானவர் வீடுகளிலும் விளக்கெண்ணெயை மிச்சப்படுத்தவும் விடியுமுன் தோட்டத்துக்குக் கிளம்பவும் பொழுதோடே சோறு முடிந்துவிடும். இதையெல்லாம் முன்னோரின் மருத்துவ அறிவு என்று மெச்சிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. களியும் கம்பஞ்சோறும் இரண்டு வேளைக்கு மேல் கிடைக்காத வீடுகளே மிகுதி. 1876-78 தாதுவருடப் பஞ்சம் கோவை, சேலம் மாவட்டங்களில் எத்தனையோ ஊர்களைக் காலிசெய்தது. வறுமை வகுத்த இடைவெளி அது. இடைவெளி நல்லதாக இருந்தது, வறுமை நல்லதாக இல்லை.

1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தபின் ஆலைகள் பெருகி, இரவும் வேலைநேரமாயிற்று. இன்று திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவர் வீடுசேர்ந்து உண்ண ஒன்பதரை, பத்து ஆகிவிடுகிறது. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறிகளில் நள்ளிரவிலும் டீயும் வடையும் ஓடுகின்றன. உண்டவுடன் படுத்தால் இரைப்பையின் அமிலம் மேலேறி நெஞ்சைக் கரிக்கும். உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி விடுபவர்களுக்கு, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ விடுபவர்களைக் காட்டிலும் எதுக்களிப்பு நோய் பல மடங்கு அதிகமாக இருப்பதை 2005இல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியது. இன்சுலின் காலையில் நன்றாகவும் இரவில் மந்தமாகவும் செயல்படுவதால், அதே உணவு இரவில் ரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றுகிறது. அமெரிக்காவில் 2018இல் வெளியான ஒரு சோதனையில், சர்க்கரைநோயின் விளிம்பில் இருந்த 8 ஆண்கள் ஐந்து வாரம் தங்கள் உணவு முழுவதையும் ஆறு மணி நேரத்துக்குள், பிற்பகல் மூன்று மணிக்கு முன்னரே முடித்துக்கொண்டபோது, எடை குறையாமலேயே இன்சுலின் செயல்பாடும் ரத்த அழுத்தமும் சீரடைந்தன. எட்டே பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாதுதான். ஆனால் இரவுணவைக் கைவிடுவது காலையுணவைக் கைவிடுவதைவிடப் பயனுள்ளதாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு அது வலுச்சேர்க்கிறது. நம் நகரங்களில் நோன்பு என்று தொடங்குகிற இளைஞர்கள் செய்வதோ நேர்மாறு: காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, பகல் ஒன்று முதல் இரவு ஒன்பது வரை உண்கிறார்கள்.

வெறும் வயிற்றில் அமிலம் சுரந்து இரைப்பையை அரித்துப் புண்ணாக்கிவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. காலியான இரைப்பையில் அமிலத்தின் செறிவு கூடுதலாக இருப்பது உண்மையே. உணவு இருந்தால் அது அமிலத்தை ஓரளவு மட்டுப்படுத்தும். ஆனால் இரைப்பையின் உட்சுவரில் சளியும் பைகார்பனேட்டும் சேர்ந்த ஒரு காப்பு எப்போதும் படர்ந்திருக்கிறது. அந்தக் காப்பைக் குலைப்பவை முதன்மையாக இரண்டு. ஒன்று, 1982இல் ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டறிந்து, 2005இல் நோபல் பரிசும் பெற்றுத்தந்த ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. மற்றொன்று, மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் வலிநிவாரணி மாத்திரைகள். ஆரோக்கியமான இரைப்பையை ஒரு நாள் நோன்பு புண்ணாக்காது. ஏற்கெனவே புண் இருப்பவருக்குப் பட்டினி வலியைத் தூண்டும், சில வேளைகளில் ஆபத்தாகவும் முடியும். இத்தகையோர் முதலில் புண்ணுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும். நோன்பு நாளில் வலிமாத்திரை போடுவது எவருக்கும் ஆகாது.

கல்லீரலுக்கு வருவோம். உண்டதில் உடனே செலவாகாத மாவுச்சத்தைக் கல்லீரல் ஏறக்குறைய 100 கிராம் அளவுக்குக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கிறது. உண்ணாத நேரத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து ரத்தத்துக்குக் குளுக்கோஸ் தருகிறது. 12 மணி நேரத்துக்குமேல் போகப்போக அந்தக் கையிருப்பு இளைக்க, உடல் கொழுப்பை எரிபொருளாக்கத் தொடங்குகிறது. ஒரு நாள் நெருங்கும்போது கிளைக்கோஜன் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக ஸ்கேன் அறிக்கையில் பார்த்து அதிர்ந்தவர்களுக்கு இந்த மாற்றம் ஆறுதலாகத் தோன்றும். அது நன்மையும் தரலாம். ஆனால் அந்த நன்மை நோன்பின் தனிப்பட்ட மாயத்தால் வருகிறதா, மொத்தத்தில் குறைவாக உண்பதால் வருகிறதா என்பதுதான் கேள்வி. சீனாவின் குவாங்சோவில் உடற்பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கண்காணித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோருக்கும் ஒரே அளவு கலோரி குறைக்கப்பட்டது. ஒரு பகுதியினர் மட்டும் எட்டு மணி நேரத்துக்குள் உண்டு முடித்தனர். ஆண்டு முடிவில் இரு சாராரின் எடையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நேரக் கட்டுப்பாடு குறைவாக உண்பதற்கு ஓர் எளிய வழி. குறைவாக உண்பதற்கு மாற்று அன்று.

விரதம் என்ற பெயரில் நம் வீடுகளில் நடப்பதைப் பார்த்தால் இந்த முடிவு வியப்பளிக்காது. சோறு மட்டும் ஆகாது, பலகாரம் சாப்பிடலாம் என்று ஒரு விதி எப்படியோ நுழைந்திருக்கிறது. காலையில் கேசரி, உப்புமா. மாலையில் ஜவ்வரிசி வடை, வாழைக்காய் பஜ்ஜி. சோறு உண்ட நாளைவிட விரத நாளில் எண்ணெய் கூடுதலாகச் செலவாகிற வீடுகளை நான் அறிவேன். தெய்வம் இதை ஏற்றுக்கொள்ளலாம். கல்லீரல் கணக்கில் இது விருந்துதான்.

குடலின் உட்சுவரைப் பற்றி இன்னொரு செய்தி. அது மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை தன்னை முழுவதுமாகப் புதுப்பித்துக்கொள்கிறது. உடலில் இவ்வளவு வேகமாக மாறும் திசுக்கள் மிகச் சிலவே. எலிகளை 24 மணி நேரம் பட்டினி போட்டபோது அவற்றின் குடலில் உள்ள மூலச்செல்கள் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, புதுச்செல்களை ஆக்கும் திறன் கூடியதை 2018இல் அமெரிக்க மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். செல்கள் தம்முள் பழுதானவற்றைத் தாமே உடைத்து மறுபடி பயன்படுத்தும் 'ஆட்டோஃபேஜி' என்ற செயலின் மரபணுக்களைக் கண்டறிந்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். அவர் ஆய்ந்தது ஈஸ்ட் என்னும் நுண்ணிய பூஞ்சையில். இவ்விரண்டையும் சேர்த்து, '16 மணி நேரம் பட்டினி இருந்தால் செல்கள் எல்லாம் தம்மைச் சுத்தம் செய்துகொள்கின்றன, அதற்குத்தான் நோபல் பரிசு கொடுத்தார்கள்' என்று பரவும் வாட்ஸ்அப் செய்தி, உண்மையிலிருந்து வெகுதூரம் தாண்டிக் குதித்தது. எலியின் ஒரு நாள் பட்டினி அதன் சிறிய உடலுக்கு மிக நீண்டது. மனிதனின் ஒரு நாளோடு அதைச் சமமாக வைக்க முடியாது.

நோன்பைப் பெருங்குடல் கழுவலோடு இணைத்து விற்கும் இயற்கை வைத்திய முகாம்கள் கொங்கு மண்டலத்தில் மலையடிவாரங்களை நாடி முளைத்திருக்கின்றன. பல ஆண்டுக் கழிவு குடல் சுவரில் பாறைபோல் ஒட்டிக்கிடக்கிறது, நோன்பிருந்து எனிமா எடுத்தால் அது வெளியேறும் என்பது அவற்றில் அடிக்கடி கேட்கும் பேச்சு. சில நாளுக்கு ஒருமுறை தன்னையே உரித்துப்போடும் சுவரில் பல ஆண்டுக் கழிவு ஒட்டியிருக்க வழியே இல்லை. பெருங்குடலை உள்நோக்கிக் கருவி மூலம் அன்றாடம் பார்க்கும் மருத்துவர்கள் எவரும் அத்தகைய பாறையைக் கண்டதில்லை. நஞ்சை முறிக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நோன்பில்லாத நாளிலும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. சொல்லப்போனால், உண்ணாத நாளில் பெருங்குடல் மந்தமாகிறது. இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தூண்டப்படுவது இயல்பு. உணவே விழாவிட்டால் அந்தத் தூண்டல் குறையும். நாரும் நீரும் குறைந்தால் மலச்சிக்கல் வரும். நோன்பு நாளில் தண்ணீரை மட்டும் குறைக்கக்கூடாது என்பது இதனால்தான்.

குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கும் பகலிரவு உண்டு. நாம் உண்ணும் நேரத்தைப் பொறுத்து அவற்றின் இனங்களும் செயல்பாடும் கூடிக் குறைகின்றன என்பது 2014இல் இஸ்ரேலிய ஆய்வாளர்களால் காட்டப்பட்டது. உணவு வராத நேரத்தில் சில இனங்கள் குடல் சுவரின் சளியையே உண்டு வாழ்கின்றன. அளவோடு நடந்தால் இது சளிப்படலம் புதிதாக ஊறுவதற்கு உதவுகிறது. நார்ச்சத்தே இல்லாத உணவை நாள்தோறும் உண்பவருக்கோ அந்தப் படலம் மெலிந்துபோகும் என்று விலங்குச் சோதனைகள் எச்சரிக்கின்றன. ஆகையால் நோன்பு நாளைக் காட்டிலும் நோன்பில்லாத ஆறு நாட்களின் தட்டில் என்ன இருக்கிறது என்பதே நுண்ணுயிர்களின் பார்வையில் பெரிது. கொள்ளும் பச்சைப்பயறும் ராகியும் கம்பும் அங்கே இருந்தால் நல்லது.

பித்தப்பைக்கு நோன்பு முழு நன்மை அன்று. 30 முதல் 50 மில்லிலிட்டர் வரை கொள்ளும் அந்தச் சிறு பை, உணவில் கொழுப்பு வரும்போதுதான் நன்றாகச் சுருங்கித் தன்னைக் காலிசெய்யும். நெடுநேரம் உணவில்லாவிட்டால் பித்தநீர் தேங்கிக் கெட்டியாகும். ஓரிரு நாளில் கல் உருவாகிவிடாது. ஆனால் நீண்ட பட்டினிகளை அடுக்கடுக்காக இருந்து விரைவாக எடையைக் குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஏற்கெனவே கல் இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக்கூடாது.

கேட்காமல் இறங்கக்கூடாத வேறு சிலரும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான கணக்கெடுப்பின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரைநோய் இருக்கிறது. அவர்களில் இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் வழக்கமான அளவை எடுத்துக்கொண்டு உணவை மட்டும் விட்டால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் விரதத்தையும் நடையையும் ஒன்றாகச் சுமக்கிறார்கள். நடை சர்க்கரையை மேலும் இறக்கும் என்பதால் அவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். கைநடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தாலோ, குளுக்கோமீட்டர் 70க்குக் கீழ் காட்டினாலோ, அந்த இடத்திலேயே சர்க்கரையோ பழச்சாறோ எடுத்து விரதத்தை முடித்துவிட வேண்டும். கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், வளரும் பிள்ளைகள், மெலிந்துபோன முதியவர்கள் நோன்பிருக்கத் தேவையில்லை. தமிழகப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. காலைச் சாப்பாட்டை நேரமில்லாமல் விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடும் மில் பெண்ணுக்கு யாரும் நோன்பின் பயனைப் போதிக்க வேண்டியதில்லை. அவர் வாரம் முழுவதும் வேண்டாத நோன்பில்தான் இருக்கிறார்.

நோன்பின் பயனும் துன்பமும் பெரும்பாலும் அதை முடிக்கும் விதத்தில் தீர்மானமாகின்றன. காலியான இரைப்பையின் கொள்ளளவு ஒரு காப்பித் தம்ளருக்கும் குறைவு. மெதுவாக உண்டால் அது தளர்ந்து ஒரு லிட்டருக்கு மேலும் இடம்தரும். பதினெட்டு மணி நேரம் சும்மா இருந்த இரைப்பையில் வடை, பாயசம், அப்பளத்தோடு முழு இலையைப் பத்து நிமிடத்தில் இறக்கினால் வயிறு இறுகி, எதுக்களித்து, அந்த மாலை முழுவதும் படுத்தே கிடக்க நேரும். பழைய வழக்கங்கள் இதில் கவனமாக இருந்திருக்கின்றன. ஏகாதசி இருந்தவர்கள் துவாதசிக் காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துப் பாரணை செய்வார்கள்; புளிப்பும் துவர்ப்புமான நெல்லிக்காய் வறண்ட வாயில் உமிழ்நீரை ஊறவைக்கும். கோவை கோட்டைமேட்டில் ரமலான் மாத மாலைகளில் காய்ச்சப்படும் நோன்புக்கஞ்சியில் அரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து, இஞ்சியும் பூண்டும் வெந்தயமும் கரைந்திருக்கும். முதலில் நீர், பிறகு குழைந்த மாவுச்சத்து, அதன்பின் மெல்ல மற்றவை என்ற வரிசை ஒரு செரிமான மருத்துவர் எழுதித்தரும் வரிசையே.

எங்கள் வீட்டு ஒருசந்தியில் சனிக்கிழமை உச்சிப்பொழுது இலையில் ஒரு மிகையும் இருக்காது: சோறு, பருப்பு, ரசம், ஒரு பொரியல், மோர். மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் அப்பத்தா முதலில் கையில் எடுப்பது அந்தப் பானையின் நீச்சத்தண்ணியைத்தான். இரவெல்லாம் புளித்த அதில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இருக்கும், நீர் இருக்கும், அவர் போடும் கல்லுப்பு இருக்கும். கடித்துக்கொள்ள இரண்டு சின்ன வெங்காயம். வெங்காயத்தில் உள்ள நார்ச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் நேரே பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் நுண்ணுயிர்களுக்கு அன்றைய முதல் உணவாகும். சோறு அதற்கு அரைமணி நேரம் கழித்துத்தான்.